வாசனைக்கு மயங்கும் பழ ஈ

கொய்யாப் பழம் பார்க்க அழகாக இருக்கிறது. நல்ல மஞ்சள் நிறம். குழந்தை ஆசையோடு வாங்கிக் கடிக்கிறது. உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது!

பழத்தின் தோலில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அப்படியானால் புழு உள்ளே போனது எப்படி?

புழு வெளியிலிருந்து போகவில்லை. அது பழத்துக்குள்ளேயே பிறந்தது. அதன் தாய் ஓர் ஈ. "பழ ஈ" என்பது அதன் பெயர்.

"புழு இருக்கிறதா? விஷம் அடிக்காத பழம் என்று அர்த்தம்" என்று சமாதானம் சொல்லுகிறவர்களும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு அது சமாதானம் ஆகலாம். பயிரிட்டவருக்கு ஆகாது.

ஊசி போடும் ஈ

பெண் பழ ஈயின் வால் பக்கத்தில் ஊசி போன்ற உறுப்பு இருக்கிறது. அதைப் பழத்தின் தோலில் குத்தி, உள்ளே முட்டை வைத்துவிடும். குத்திய இடம் சிறு புள்ளிபோல இருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டொரு நாளில் முட்டை பொரிந்துவிடும். புழு சதையைத் தின்னும். பழம் அழுகி உதிரும். பிறகு புழு பழத்தை விட்டு வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாகத் தூங்கும். ஏறக்குறைய பத்து நாளில் ஈயாக எழுந்து பறந்துவிடும்.

மா, கொய்யா ஆகியவற்றைக் கெடுப்பது ஒரு வகை ஈ. பாகல், புடல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றைக் கெடுப்பது வேறு வகை. இரண்டும் நம் ஊர்களில் உண்டு.

இந்தச் சின்ன ஈ ஒரு நாட்டின் வியாபாரத்தையே நிறுத்தியிருக்கிறது. 2013-ம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்தன. உடனே கதவு சாத்தப்பட்டது. 2014 மே 1 முதல் நம் மாம்பழம், பாகற்காய், புடலங்காய் முதலியவற்றை ஐரோப்பிய யூனியன் வாங்க மறுத்தது. மாம்பழத்துக்கு மட்டும் 2015 ஜனவரியில் தடை நீங்கியது. பாகலும் புடலும் அதற்குப் பிறகும் காத்திருந்தன.

மருந்து அடித்தால் போதாதா?

போதாது. புழு பழத்துக்குள் இருக்கிறது. மருந்து தோலின்மேல் விழுகிறது. புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அறுவடை நேரத்தில் அடித்த விஷம் பழத்தோடு வீட்டுக்கு வரும்.

கல்வராயன் மலை போன்ற இடத்துக்கு இது இன்னும் பொருந்தாது. கோமுகி ஆறு அந்த மலையில்தான் பிறக்கிறது. மலையில் தெளித்தது மழையோடு ஓடையில் இறங்கும். ஓடையிலிருந்து ஆற்றுக்கும், அணைக்கும், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்களுக்கும் போகும். தேன் எடுப்பது மலைவாழ் மக்களின் பழைய தொழில். விஷத்துக்கு ஈ எது, தேனீ எது என்று தெரியாது.

கைக்குட்டையில் வந்த கண்டுபிடிப்பு

இந்த ஈயைப் பிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்டதும் நம் நாட்டில்தான்.

பீகாரில் பூசா என்னும் ஊரில் அந்தக் காலத்தில் பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. (1934 பூகம்பத்துக்குப் பிறகுதான் அது டெல்லிக்கு மாறியது.) அங்கே ஹவ்லெட் என்ற வெள்ளைக்காரர் பூச்சி ஆராய்ச்சி செய்து வந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொசுத் தொல்லை. சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெயைக் கைக்குட்டையில் தடவிக்கொண்டார். கொசுவை விரட்டத்தான் தடவினார். ஆனால் எங்கிருந்தோ ஈக்கள் வந்து கைக்குட்டையை மொய்த்தன!

ஹவ்லெட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பழ ஈக்கள். அதிலும் ஒரு விந்தை. அத்தனையும் ஆண் ஈக்கள்! இதை 1912-ல் அவர் எழுதி வெளியிட்டார். எண்ணெயில் ஈயை இழுக்கும் சரக்கு எது என்று தேடினார். "மெத்தில் யூஜினால்" என்ற வாசனைப் பொருளின் சக்தியை 1915-ல் உலகுக்குச் சொன்னார். துளசியிலும் இந்தப் பொருள் உண்டு.

ஆண் ஈ ஏன் இப்படி மயங்குகிறது? அது இந்தப் பொருளைத் தின்கிறது. தின்றது அதன் உடம்பில் வேறு வாசனையாக மாறுகிறது. அந்த வாசனைதான் பெண் ஈயை அழைக்கிறது. மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொள்கிற கதைதான்!

பொறி வைப்பது எப்படி?

சிறு மரக்கட்டை ஒன்றை மெத்தில் யூஜினாலிலும் சிறிது பூச்சி மருந்திலும் ஊறவைக்கிறார்கள். அதைத் துளையுள்ள டப்பாவில் தொங்கவிடுகிறார்கள். உள்ளே வரும் ஆண் ஈ அங்கேயே சாகும். விஷம் டப்பாவை விட்டு வெளியே வருவதில்லை. பழத்தில் படுவதும் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாந்தோப்புக்கு எக்டேருக்கு 25 இடங்களில் பொறி வைக்கச் சொல்கிறது. ஏக்கர் கணக்கில் சுமார் 10.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகலுக்கும் புடலுக்கும் இந்த வாசனை பலிக்காது. அந்த ஈக்கு "கியூ லூர்" என்ற வேறு வாசனை வேண்டும். கடையில் கேட்கும்போது பயிரின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. தவறான வாசனையைத் தொங்கவிட்டு, "பொறியே பொய்" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

கருவாட்டுத் தூள் வைத்த பொறியையும் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பெண் ஈயும் வரும். ஆனால் அதில் விட்டுவந்த டைக்குளோர்வாஸ் என்ற மருந்துக்கு 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு இந்தியாவில் தடை வந்துவிட்டது. பழைய புட்டி வீட்டில் கிடந்தாலும் அதைத் தொடக்கூடாது.

ஒருவர் வைத்தால் போதுமா?

பசிபிக் கடலில் ரோட்டா என்று ஒரு குட்டித் தீவு. 1960-களின் தொடக்கத்தில் அங்கே வாசனையும் மருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டார்கள். ஆண் ஈக்கள் ஒழிந்தன. பெண் ஈக்களுக்குத் துணை இல்லை. பழ ஈ இனமே தீவை விட்டு மறைந்தது.

கல்வராயன் மலை தீவு அல்ல. ஒரு வீட்டில் பொறி தொங்கும். பக்கத்து வீட்டு மரத்தடியில் சொத்தைப் பழம் குவிந்து கிடக்கும். அங்கே பிறந்த பெண் ஈ அங்கேயே துணை தேடிக்கொண்டு, பொறி வைத்த வீட்டுக்கு முட்டையோடு வரும். பொறி அதைத் தடுக்காது, ஏனென்றால் அந்த வாசனைக்குப் பெண் ஈ வருவதில்லை. ஆகவே ஊரே ஒன்றாகப் பொறி வைக்க வேண்டும். உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். குழி ஆழமில்லாவிட்டால் ஈ மேலே வந்துவிடும்.

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்தில் வீட்டோரம் நாலு மரமும் வேலியில் ஒரு பாகல் கொடியும் வைத்திருக்கும் குடும்பம், நாலு மரத்துக்காகப் பஸ் ஏறி மலையிறங்கி வந்து வாசனைக் கட்டை தேடுமா? தேடாது. பஸ் காசுக்கே பழம் சரியாகிவிடும். அதனால் கட்டைதான் மலையேற வேண்டும். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனதே அதிகாரிகள் மக்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான். தோட்டக்கலைத் துறை இந்தக் கட்டைகளை மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ரேஷன் கடைகளுக்கும் அனுப்பலாம். ஏக்கர் கணக்குப் பார்க்காமல், ஊர்க் கணக்கில் கொடுக்க வேண்டும்.

பழம் பழுத்த பிறகு கொடுத்துப் பயன் இல்லை. காய் முற்றுவதற்கு முன்பே பொறி தொங்க வேண்டும். மாவுக்கு வேண்டிய கட்டை மாசி மாதத்துக்குள் மலைக்கு வந்து சேர வேண்டும்.