செவ்வந்திக்கல்லும் பிரஷர் மாத்திரையும்

பிள்ளைகளே, சொந்தங்களே,

அமெதிஸ்ட் எனும் செவ்வந்திக்கல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் பிரஷர் இறங்கும் என்று நீங்களே பகிர்கிறீர்கள். அது என்ன கல்? வயலோரம் கிடக்கிற வெங்கச்சங்கல்லுக்குப் பங்காளி. நம் விருத்தாசலம் செராமிக்கில் களிமண்ணோடு அரைத்துச் சேர்க்கிறார்களே, அதே குவார்ட்ஸ்தான். துளி இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து ஊதா நிறம் கொடுத்தன. சுமார் 450 டிகிரியில் சுட்டால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். நம் சூளைச் சூட்டில் பாதிகூட வேண்டாம்!

'சக்தி ஏற்ற' வெயிலில் வை என்கிறார்கள். நாள்கணக்கில் வைத்தால் நிறம்தான் வெளுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றி வைத்தால் போதும்.

அழகான கல், மறுக்கவில்லை. கொடுமணலில் அந்தக் காலத்திலேயே இதில் மணி கோத்தார்கள். கிரேக்கர்களோ இதை அணிந்தால் போதை ஏறாது என்று நம்பினார்கள். அமெதிஸ்ட் என்ற பெயருக்கே அதுதான் பொருள். டாஸ்மாக் வாசலில் சோதித்துப் பார்க்கலாமே!

நகையாகப் போடுங்கள். ஆனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் உறவிலேயே இரண்டு பேர். ரத்த அழுத்தத்தை மந்திரப் பொருள் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பதிவுகளை இன்றே நீக்குங்கள். அந்த இருவரும் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று எனக்குப் போன் செய்யுங்கள்.