நெல் கொள்முதலில் முடிவாகும் நிலத்தடி நீர்

மாண்புமிகு மத்திய ஜல் சக்தித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போய்த் துளை போடுகின்றன. அந்த வண்டிகளில் வேலை செய்பவர்களுக்கு நாட்டின் நீர்நிலைமை எந்த அறிக்கையும் இல்லாமலே தெரியும். பாறைக்குள் இறங்கும் ஒவ்வொரு இரும்புக் குழாயும் 20 அடி. சில நூறு அடியிலேயே தண்ணீர் பொங்கிவந்த பூமியில், இன்று ஆயிரம் அடி இறங்கியும் வெறும் பாறைத்தூள்தான் புகையாகப் பறக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டே போகும். நிலத்துக்காரரோ, "இன்னும் நூறு அடி போட்டுப் பாருங்க" என்பார். கடன் வாங்கிய பணம் அது.

தங்கள் துறையின் கணக்கு இவ்வளவு கலவரப்படுத்துவதில்லை. 2024 மதிப்பீட்டின்படி நாடு ஓராண்டில் எடுக்கும் நிலத்தடி நீர் சுமார் 246 பில்லியன் கனமீட்டர். அதைக் கொண்டு மேட்டூர் அணையை 90 முறைக்கும் மேல் நிரப்பலாம். எடுக்கத்தக்க அளவில் இது 60 சதவீதம்தான். மீதி 40 சதவீதம் பத்திரமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அசாமில் மிஞ்சும் நீர் பஞ்சாப் கிணற்றில் ஊறாது. மதிப்பிட்ட 6,746 வட்டாரங்களில் 751, ஊறுவதைவிட அதிகமாக இறைக்கின்றன. பஞ்சாபில் 100 பங்கு எடுக்கத்தக்க இடத்தில் 156 பங்குக்கு மேல் எடுக்கப்படுகிறது.

பஞ்சாபின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோதுமை விளைந்த அந்த மண்ணில், 1960களின் தொடக்கத்தில் நெல் பயிரானது இரண்டேகால் லட்சம் ஹெக்டேர் அளவில்தான். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். நாட்டின் பசி தீர நெல் போடச் சொன்னது அரசு; விளைந்ததை வாங்கிக்கொண்டதும் அரசு; பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்ததும் அரசு. நீர்மட்டம் இறங்க இறங்க, உழவர்கள் குழி தோண்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைத்தார்கள். அதற்கும் எட்டாதபோது நீர்மூழ்கி மோட்டார் வந்தது. இதில் உழவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? விலை உறுதியாக இருக்கும் பயிரைத்தான் யாரும் போடுவார்கள்.

2009இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கோடை வெயிலில் நடவு செய்தால் வயல்நீர் ஆவியாகிறது என்பதால், ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது என்று அது அன்று சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க நாள் போதாமல் வைக்கோலுக்குத் தீ வைப்பது பெருகியது. டெல்லியின் நவம்பர் புகையில் அதற்கும் பங்கு உண்டு. பயிரை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றியதன் விளைவு இது.

நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. அப்படியென்றால், நீர் பற்றிய பெரிய முடிவுகள் தங்கள் அமைச்சகத்தில் எடுக்கப்படுவதே இல்லை. வேளாண் துறை முன்மொழியும் குறைந்தபட்ச ஆதரவு விலையும், உணவுத் துறையின் கொள்முதலும், மாநில மின்வாரியங்களின் கட்டணமுமே அவற்றைத் தீர்மானிக்கின்றன. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது. அதில் எவ்வளவு நிலத்தடி நீர் கப்பலேறுகிறது என்று அந்தத் துறைகளிடம் கேட்கும் கடமை தங்களுக்கு இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 2018இல் பஞ்சாப் ஒரு திட்டத்தைச் சோதித்தது: மின்சார ஒதுக்கீட்டில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவருக்கு 4 ரூபாய். இலவசத்தைப் பிடுங்காமல், இறைக்காததற்குக் காசு கொடுத்த யோசனை. நிலத்தடி நீரைக் காக்க மத்திய அரசு 6,000 கோடி ரூபாயில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களுக்குப் போனது. பஞ்சாபும் தமிழ்நாடும் அந்த ஏழில் இல்லை. அடுத்த கட்டம் வருமானால், இவற்றையும் சேர்க்க வேண்டும்.

அதைவிட அவசரமான கோரிக்கை ஒன்று. அடுத்த காரிப் பருவத்துக்கு ஆதரவு விலை பேசும் கூட்டத்தில், அந்த 751 வட்டாரங்களின் பட்டியலை வைக்கச் செய்யுங்கள். அங்கெல்லாம் நெல்லைப் போலவே சோளத்தையும் பருப்பையும் அரசு நேரில் நின்று வாங்கும் என்ற உறுதியை, விதைப்புக்கு முன்பே உழவர்களுக்குப் பெற்றுத் தாருங்கள்.

இப்படிக்கு,
கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் ஊர்களின் சார்பில்