அடுத்த தேதி எப்போது?

பொங்கலை ஒட்டிய ஒரு மாலை. சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகேயுள்ள பூங்காவில் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி நடைபெறுவதாக அறிந்து, பேத்தியை அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். நாங்கள் சென்றபோது பறையிசைக் கலைஞர்கள் பூங்காவுக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி, அந்தத் தணலில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். சூடேறினால்தான் தோல் இறுகும். தோல் இறுகினால்தான் ஒலி எழும். பூங்காவுக்குள் தீ மூட்டக் கூடாது என்பதால் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சற்று நேரத்தில் அந்தப் பறைகள் மேடையில் முழங்கியபோது பேத்தி முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுத் தாளம் போடத் தொடங்கினாள்.

பறையைத் தொடர்ந்து வில்லுப்பாட்டு, நையாண்டி மேளத்துடன் கரகாட்டம், இறுதியாகத் தெருக்கூத்தில் ஒரு காட்சி. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம். கூட்டத்துக்குக் குறைவில்லை. நாட்டுப்புறக் கலைகளை ரசிக்க ஆளில்லை என்று சொல்பவர்கள் அன்று அங்கே வந்திருக்க வேண்டும். இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்துகொண்டே ஆடினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் தேநீர்க் கடையில் நையாண்டி மேளக் குழுவின் தலைவரைச் சந்தித்தேன். தென் மாவட்டத்துக்காரர், நாயனம் வாசிப்பவர், ஐம்பதைக் கடந்தவர். பொருளியல் கற்பித்தவனுக்குக் கணக்குக் கேட்காமல் இருக்க இயலாது. ஆண்டுக்கு எத்தனை நாள் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். 'மாசியில தொடங்கினா ஆடி வரைக்கும்தான் ஐயா எங்களுக்கு வருசம். அதுலயும் அறுபது தேதி கிடைச்சா பெரிசு' என்றார். நிகழ்ச்சிக்கு ஒப்பந்தம் ஆவதைத் 'தேதி' என்பது அவர்கள் தொழில்வழக்கு. மற்ற மாதங்களில் அவர் கட்டட வேலைக்குச் செல்கிறார். இரண்டாம் நாயனம் வாசித்த மகன் திருப்பூரில் பின்னலாடை ஆலையில் சேர்ந்துவிட்டான். அன்று மேடையில் ஒற்றை நாயனம் மட்டுமே ஒலித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகனைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. இதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் குறித்து 1966-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் காட்டிய உண்மை எளிமையானது. ஓர் ஆலையில் புதிய இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை இருவர் செய்துவிட முடியும். உற்பத்தித்திறன் உயரும், கூலியும் உயரும். நால்வர் வாசிக்க வேண்டிய அரைமணி நேர இசையை இருவர் கால்மணி நேரத்தில் வாசித்து முடிக்க முடியாது. பிற துறைகளில் கூலி ஏற ஏற, கலைஞரைத் தக்கவைத்துக்கொள்வதற்கான செலவும் ஏறுகிறது; உற்பத்தித்திறனோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. 'செலவு நோய்' என்று இதைப் பொருளியலார் குறிப்பிடுவர்.

நையாண்டி மேளத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தாளம் என்று எட்டுப் பேர் வரை தேவைப்பட்ட இசைக்கு இன்றும் எட்டுப் பேர் தேவை. வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பன்மடங்காகிவிட்டன. ஆனால், ஊர்த் திருவிழாவின் வரிவசூல் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஏறினாலும் அதில் பெரும்பங்கு ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கும் போய்விடுகிறது. விளைவு என்ன? குழு சுருங்குகிறது. இரண்டு நாயனம் ஒன்றாகிறது. பம்பைக்காரர் இருந்த இடத்தில் ஒலிப்பதிவு வந்துவிடுகிறது. ரசனை கெட்டுவிட்டது என்று நாம் அங்கலாய்க்கிறோம். நடந்திருப்பதோ கூலிக் கணக்கின் விளைவு.

அப்படியானால் பழங்காலத்தில் இக்கலைகள் எப்படி வாழ்ந்தன? இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். 'அந்தக் காலத்தில் கிராமமே கலைஞனைப் பேணியது' என்ற வசனம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. பேணியது உண்மைதான், யாரை, எந்த நிபந்தனையில் பேணியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பறையடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட ஊர்க்கடமையாக இருந்தது. சாவு வீட்டில் அடிக்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூலி என்பது களத்துமேட்டில் அளந்து போடும் தானியம். அந்தக் கடமையை மறுத்துப் பறையைக் கீழே வைத்தவர்கள் கலையை அழித்துவிடவில்லை, மனிதராக நிமிர்ந்தார்கள். அதே பறையை விடுதலையின் கருவியாக மீண்டும் கையில் எடுத்தது அடுத்த கட்டம். 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கப்பட்ட சக்தி கலைக்குழு, பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டின் முற்றத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை பறை நடந்த தொலைவு மிகப் பெரிது.

ஆக, பழைய ஏற்பாடு தகர்ந்தது நல்லது; அது திரும்ப வரக் கூடாது. ஆனால், தகர்ந்த ஏற்பாட்டின் இடத்தில் கலைஞருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் வேறோர் ஏற்பாட்டை நாம் உருவாக்கவில்லை. சாதிக் கட்டாயம் போனது, சந்தையும் வரவில்லை, அரசும் முழுமையாக வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் சந்தித்த நாயனக்காரர் சிமென்ட் மூட்டை சுமக்கிறார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது. நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதே 2007-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் நின்றுபோன 'சென்னை சங்கமம்' விழா, 2023 முதல் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் நடத்தப்படுகிறது. பத்ம விருதுகளும் கிராமியக் கலைஞர்களை நாடி வரத் தொடங்கியுள்ளன: 2018-இல் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், 2024-இல் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பன், 2025-இல் வேலு ஆசானுடன் புரிசை தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன்.

இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. எனினும், இவற்றின் பொருளாதாரத் தன்மையை ஆராய்ந்தால் ஒரு குறை புலப்படும். நலவாரியம் கல்வி, திருமணம், ஈமச்சடங்கு போன்ற தருணங்களில் உதவுகிறது. உதவித்தொகை, கலைஞர் நலிந்த பிறகு வருகிறது. பத்ம விருதுடன் பணமுடிப்பு ஏதும் கிடையாது. அதாவது, கலைஞரின் துயரத்துக்கு நிவாரணமும் புகழுக்குப் பட்டயமும் தருகிறோம்; அவருடைய உழைப்பை மட்டும் ஆண்டுக்குச் சில மாலைப் பொழுதுகளில்தான் வாங்குகிறோம். 2003-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வாயிலாகத் தமிழகமெங்கும் புகழ்பெற்ற பரவை முனியம்மா, முதுமையில் நோயுற்றபோது அரசின் நிதியுதவியை எதிர்நோக்கும் நிலைக்கு ஆளானார். அவ்வளவு புகழ்பெற்றவருக்கே அந்நிலை எனில், பெயர் தெரியாத பம்பைக்காரரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

மக்கள் வரிப்பணத்தில் கலைக்கு ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கல்லூரியில் நானே மாணவர்களிடம் கேட்டுவந்த கேள்விதான். பயன் ஊர் முழுவதும் பரவுகிறது, விலையை யாரிடமும் தனியாக வசூலிக்க முடியவில்லை என்னும்போது, சந்தை அப்பொருளைப் போதுமான அளவு உற்பத்தி செய்யாது. நூலகமும் பூங்காவும் அத்தகையவை. தெருவில் நின்று யாரும் கேட்கக்கூடிய இசையும் அத்தகையதே. மேலும், திரைப்பாடல்களும் விளம்பரங்களும் இந்த மெட்டுகளை மூலப்பொருளாக எடுத்துப் பெரும்பொருள் ஈட்டுகின்றன. மூலப்பொருள் விளையும் நிலத்துக்கு நீர் பாய்ச்சுவதைத் தானம் என்று கருத முடியாது.

இனிச் செய்யத்தக்கவை என்ன? முதலாவது, விழாக்களை ஆண்டு முழுவதும் பரப்புவது. தை மாதத்தில் தலைநகரில் குவிக்கப்படும் நிகழ்ச்சிகளில் ஒரு பகுதியை, கோயில் திருவிழாக்கள் குறைந்திருக்கும் மாதங்களில் மாவட்டத் தலைநகரங்களிலும் பேரூராட்சிகளிலும் நடத்தலாம். தேதிகளை ஆறு மாதம் முன்பே அறிவித்தால் குழுத் தலைவர் தம் ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். ஒருவருக்குக் கிடைக்கும் தொகையைப் போலவே அது எப்போது கிடைக்கும் என்ற உறுதியும் தொழிலில் நீடிப்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, ஊதியம் தலைக்கு இவ்வளவு என்று எழுத்தில் அறிவிக்கப்பட்டு, இடைத்தரகரின்றி ஒவ்வொரு கலைஞரின் வங்கிக் கணக்கிலும் நேரடியாகச் சேர வேண்டும். குழுவுக்கு மொத்தமாகத் தரும்போது ஆட்களைக் குறைப்பதே ஆதாயமாகிவிடுகிறது. தலைக்கணக்கில் தந்தால் இரண்டாம் நாயனம் மேடைக்குத் திரும்பும். ஆடும் பெண்களுக்கு உடைமாற்ற மறைவிடமும் கழிப்பறையும் தருவதைக்கூட ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம்.

மூன்றாவது, சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. நோயாளிகளையும் மாணவர்களையும் எண்ணினால் இது தேவையான விதியே. ஆனால், தெருக்கூத்து இரவு தொடங்கி விடியலில் முடியும் கலை. அதன் ஊதியமும் ஓர் இரவுக்கான ஊதியம். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்வளிக்க அதே விதிகள் மாநில அரசுக்கு இடமளிக்கின்றன. அந்த நாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது வடமாவட்டங்களின் கூத்துப் பருவத்தையும் கருத்தில் கொள்ளலாம்.

நான்காவது, பதிவின் மீதான உரிமை. பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்பதற்கான விளக்கத்தில் நடிகர், பாடகர் மட்டுமன்றிக் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும், ஏன், என்னைப் போல் விரிவுரையாற்றுபவரும்கூட இடம்பெற்றுள்ளனர். பாடலுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாவிட்டாலும் பாடிக்காட்டியவருக்கு உரிமை உண்டு. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், அவருடைய நிகழ்ச்சியின் பதிவு வணிகத்துக்குப் பயன்படும்போது உரிமத்தொகை பெறவும் தம் பெயர் குறிப்பிடப்படவும் அவருக்கு உரிமை இருக்கிறது. அரசு நடத்தும் நிகழ்ச்சிகளிலாவது இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கலைஞரிடம் ஒரு படி கொடுத்தால் பிறருக்கும் முன்மாதிரியாக அமையும்.

ஐந்தாவது, நிதி. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டடச் செலவில் 1% நலவரியாக வசூலிக்கப்படுகிறது. கேளிக்கைத் தொழிலிலிருந்து இதே முறையில் ஒரு சிறு பங்கு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு வருமானால், அவர்கள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்ட அறிவிப்பை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. அந்த நிதியின் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். நாயனம் கைவர ஆண்டுகள் பல ஆகும். அக்காலத்தில் ஆலைக்கூலிக்கு ஈடாகாவிட்டாலும் அருகிலாவது ஒரு தொகை கிடைத்தால்தான் இளைஞன் ஆசானிடம் அமர்ந்து கற்பான்.

அரசு ஆதரவு மிகுந்தால் கலை அரசின் ஊதுகுழலாகிவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, முழுநீளக் கூத்தை ஆடத் தெரிந்தவர்களே இல்லாமல் போகலாம் என்பது அதைவிடப் பெரிய அச்சம். மாதிரிப் பொட்டலம் மட்டுமே விற்கும் கடையில் நாளடைவில் சரக்கு இருக்காது. ஆகவே, எதைப் பாடுவது, எவ்வளவு நேரம் ஆடுவது என்ற முடிவில் கலைஞர்களின் பிரதிநிதிகளுக்கே முதன்மை இடம் இருக்க வேண்டும்.

அன்று வேன் புறப்படத் தயாரானபோது நாயனக்காரர் என்னை ஏதோ விழாக் குழுவைச் சேர்ந்தவன் என்று கருதியிருக்க வேண்டும். விருதுக்குப் பரிந்துரை செய்யுமாறோ உதவித்தொகை வாங்கித் தருமாறோ அவர் கேட்கவில்லை. நாயனத்தை உறையிலிட்டுக் கட்டியபடியே, 'அடுத்த தேதி எப்பங்கய்யா சொல்வாங்க?' என்றார். என்னிடம் விடை இல்லை. விடை சொல்ல வேண்டியவர்களின் பார்வைக்கு அந்தக் கேள்வியை இங்கே பதிவு செய்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).