வண்டிக்குள் ஒரு துபாஷி

ஓசூர் பஸ் நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு காதில் தமிழ் விழும். மறு காதில் கன்னடம் விழும். நடுவே தெலுங்கு புகுந்து வெளியேறும். எல்லைப்புறத்து ஊர் அல்லவா? இரண்டு பாஷை தெரிந்து, இங்கே கேட்டதை அங்கே சொல்கிறவருக்கு அந்த நாளில் ‘துபாஷி’ என்று பெயர். நம் வீட்டு வாசலில் நிற்கிறதே கார், அதற்குள்ளும் அப்படி ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறான். அவன் சொல்லும் ஒரு சேதிக்காக நாம் சில சமயம் ஆயிரக்கணக்கில் பணம் எண்ணி வைக்கிறோம். அப்படிப்பட்டவனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஓசூரில் 1980-ஆம் வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. அதே வருஷம் அசோக் லேலண்ட் கம்பெனியின் லாரித் தொழிற்சாலையும் அங்கே எழுந்தது. அந்தக் காலத்து வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பார். புகையின் நிறத்தைப் பார்ப்பார். நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரிதான். இப்போது எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு, ஸ்கூட்டரில்கூட இந்த மூளை குடிபுகுந்துவிட்டது. எங்கேயாவது கோளாறு என்றால் அது ஒரு எண்ணைத் தன் நினைவில் குறித்து வைத்துக்கொண்டு, மீட்டர் பலகையில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றும்.

விளக்கு எரிந்தால் பட்டறைக்குப் போகிறோம். அங்கே ஒரு கையடக்கப் பெட்டியைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளை சாக்கெட்டில் செருகுகிறார்கள். பெட்டியின் திரையில் ஓர் எண் வருகிறது. “சென்சார் போய்விட்டதம்மா!” என்கிறார்கள். நாமும் தலையை ஆட்டுகிறோம். அந்த எண் எப்படி வெளியே வந்தது?

வண்டியின் மூளை பேசுவது மெல்லிய குரலில். சாதாரணமாக 5 வோல்ட். வெளியே ஓடும் கம்பியிலோ பாட்டரியின் 12 வோல்ட். ஓசூரில் செய்வது போன்ற பெரிய லாரியானால் 24 வோல்ட். ஹாரன், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பார்க் பிளக் எல்லாம் ஒரே இரைச்சல்! அந்தச் சந்தையில் மூளை நேராக வாய் திறந்தால் ஒருவர் காதிலும் விழாது. அதோடு 12 வோல்ட் திருப்பி அடித்தால் மூளையே கருகிப்போகும். ஆகையால் நடுவே ஒரு சில்லை வைத்தார்கள். துவரம் பருப்பு அளவு, எட்டுக் கால்கள். இதுதான் துபாஷி. வண்டிக்குள் ஒருவன், பட்டறைக்காரரின் பெட்டிக்குள் ஒருவன். இருவருக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி. அதற்குக் ‘கே-லைன்’ என்று பெயர். இதற்கான சர்வதேச விதி 1989-இல் 9141 என்ற எண்ணில் வெளியாயிற்று. 16 துளைகளில் ஏழாவது துளை இந்தக் கம்பியின் வீடு.

ஒரே கம்பியில் இரண்டு பேர் எப்படிப் பேசுவது? மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் தொடாவிட்டால் மேலேயே நிற்கும். கீழே பிடித்து இழுத்தால் தாழும். விட்டால் பழையபடி மேலே போய்விடும். கே-லைன் கம்பியையும் இப்படித்தான், ஒரு மின்தடையின் வழியாகப் பாட்டரியோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சில்லின் வேலை இழுப்பதும் விடுவதும்தான். இழுத்தால் ‘பூஜ்யம்’, விட்டால் ‘ஒன்று’. இந்த இரண்டே எழுத்தில்தான் அத்தனை பேச்சும். கம்பியை மேலே தள்ளுகிற வேலை எந்தச் சில்லுக்கும் கிடையாது. ஆகவே இருவரும் தவறிப்போய் ஒரே சமயத்தில் இழுத்தாலும் சில்லுக்குச் சேதம் வராது. ஆனால் பேச்சு குழம்பிவிடும். அதனால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும் என்பது சட்டம். குடும்பங்களுக்கும் நல்ல சட்டம்தான்!

இரைச்சலுக்கு என்ன யுக்தி? பேசுகிறவன் பூஜ்யம் சொல்ல வேண்டுமானால் பாட்டரி அளவில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இழுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 2.4 வோல்ட். கேட்கிறவனோ 30 பங்கு வரை, அதாவது 3.6 வோல்ட் வரை, பூஜ்யம் என்றே ஏற்றுக்கொள்வான். ‘ஒன்று’க்கும் இதே ஏற்பாடு: பேசுகிறவனுக்கு 80, கேட்கிறவனுக்கு 70. நடுவழியில் இரைச்சல் கொஞ்சம் சேர்ந்தாலும் வார்த்தை மாறாமல் இருக்கத்தான் இந்தத் தாராளம். கணக்கு பாட்டரியின் பங்காக இருப்பதும் காரணமாகத்தான். வண்டி கிளப்பும்போது பாட்டரி தணியும். உலைத் தண்ணீரின் அளவுக்குத் தக்கபடி உப்புப் போடுவதுபோல, அளவுகோலும் கூடவே தணிந்துவிடும். கம்பி எங்கேயாவது உரசிப் பாட்டரியின் நேர்முனையோடு ஒட்டிக்கொண்டால்கூட, சில்லு தன் வழியே ஓடும் மின்சாரத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளும். சூடு மீறினால் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும்.

பேச்சைத் தொடங்குவதில்தான் வேடிக்கை. வெளிப்பெட்டி முதலில், விநாடிக்கு 5 எழுத்து வீதம், ஒரு விலாசத்தை நிதானமாகச் சொல்லிக் கூப்பிடும். இதற்கே 2 விநாடி ஆகும். தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்புவது மாதிரி! விழித்துக்கொண்ட பிறகு இருவரும் விநாடிக்கு 10,400 எழுத்து வேகத்தில் பொரிந்து தள்ளுவார்கள்.

புதிய கார்கள் பெரும்பாலும் வேறொரு முறைக்குப் போய்விட்டன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்ட ‘கேன்’ முறை அது. முறுக்கிய இரட்டைக் கம்பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கும். இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக விழுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. பாஷை மாறினாலும் துபாஷி உத்தியோகம் போகவில்லை. அங்கேயும் ஒரு சில்லு இருக்கிறது.

இனி நம் கைப்பணத்துக்கு வருவோம். துபாஷி கேட்டதைக் கேட்டபடி சொல்கிறவன்; எஜமானர் நினைத்தது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. ‘பி 0171’ என்று ஓர் எண் உண்டு. எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று மிஞ்சிவிட்டது, பெட்ரோல் குறைந்துவிட்டது என்பதே அதன் அர்த்தம். எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. ஆக்சிஜன் சென்சார் கெட்டிருக்கலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் படிந்திருக்கலாம். இவை ஒன்றுமே இல்லாமல், ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். குழாய்க்குச் சொற்பப் பணம். சென்சாருக்கு அதைப்போலப் பல மடங்கு. குழந்தைக்கு ஜுரம் என்று தெர்மாமீட்டர் சொன்ன மாத்திரத்தில் இன்ன வியாதி என்று மருந்து கொடுப்போமா?

நல்ல மெக்கானிக்குகள் எண்ணைப் பார்த்த பிறகுதான் வேலையையே தொடங்குவார்கள். குழாயைத் தடவிப் பார்ப்பார்கள், பம்பின் அழுத்தத்தை அளப்பார்கள். ஓசூர் பட்டறைகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு, சென்னையிலும் உண்டு. அவர்களை அடையாளம் கண்டுகொள்ளச் சில கேள்விகள் போதும்.

முதலில், எண் என்ன என்று கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். “வேறு என்னென்ன பார்த்தீர்கள்?” என்றும் கேளுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன்னால் அழிக்கவோ, பாட்டரிக் கம்பியைக் கழற்றி விளக்கை அணைக்கவோ சம்மதிக்காதீர்கள். கோளாறு நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், சூடு எவ்வளவு என்பதையும் மூளை கூடவே எழுதி வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். இன்னொன்று: காரில் மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து, வசதியான இடத்தில் ஓரமாக நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் சாதனம் வெந்துபோகும். அதன் விலையைக் கேட்டால் நமக்கே ஜுரம் வந்துவிடும்!