இழுப்பறைக்குள் இருக்கும் சில்வண்டு

மாணவர்களே, மலாய்க்காரர்கள் ரியாங்-ரியாங் என்று சொல்லும் சில்வண்டை நீங்கள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகமாக இருக்கும். பீடோங், பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சல் பழகிப்போன ஒன்று. ஆண் வண்டின் வயிற்றின் இரு பக்கமும் ஒரு சவ்வு உண்டு. தசை இழுக்கும்போது அது உள்ளே மடங்கி, விட்டதும் வெளியே துள்ளும். ஒரு நொடிக்குள் இது பல முறை நடப்பதால்தான் அவ்வளவு சத்தம். பெண் வண்டு இப்படிக் கத்துவதில்லை.

சரி, கத்துவது எந்த இனம்? பல சமயம் இதற்கான கடைசித் தீர்ப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இழுப்பறை ஒன்றில் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயர் மூலமாதிரி.

2019 மே வரை ஒரு கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளையின் எடைதான். மூலமாதிரியும் அப்படித்தான். புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும்போது, அந்தப் பெயரை ஒரு குறிப்பிட்ட வண்டோடு கட்டிவிடுகிறார்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை, கால் ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரே பெயரில் இரண்டு இனங்கள் கலந்திருப்பது பின்னால் தெரியவந்தால், பழைய பெயர் எதற்குப் போகும் என்பதை அந்த ஒற்றை வண்டுதான் முடிவு செய்யும்.

நம் வட்டாரத்து வண்டுகள் அங்கே போனது காலனி ஆட்சிக் காலத்தில். டிஸ்டண்ட் என்ற ஆங்கிலேயர் 1889 முதல் 1892 வரை கீழை நாட்டுச் சில்வண்டுகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய சேகரிப்பு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1923இல் மோல்டன் ‘மலேசியாவின் சில்வண்டுகள்’ என்று எழுதினார். மலேசியா என்ற நாடு பிறக்க அப்போது இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன! 1990களில் நம் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸைடி முகமட் ஈசா, சிங்கப்பூர்ச் சேகரிப்பில் இருந்த சில்வண்டுகளை ஆராய்ந்து, சக ஆய்வாளர்களோடு ‘செராங்கா’ இதழில் குறிப்புகள் எழுதினார்.

பழைய கையெழுத்தைப் படித்து, எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று பதிவது சலிப்பான வேலைதான். ஆனால் 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பூச்சிகளின் மூலமாதிரிகள் ஏராளமாகச் சாம்பலாயின. முன்பே படமும் பதிவும் எடுத்து வைத்தவற்றுக்காவது ஒரு தடயம் மிஞ்சியது.

மூலமாதிரிகளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பார்கள் சிலர். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு முடிய எத்தனை ஆண்டு ஆகுமோ! அதற்கு முன், ஒவ்வொரு மூலமாதிரியையும் மேல், கீழ், பக்கம், முக்கியமாக அதன் சீட்டு எல்லாம் தெரியப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. சுங்கை பட்டாணி மாணவன் விமானம் ஏறாமலே ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

நம் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லண்டன் வண்டுக்குக் குரல் கிடையாது. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இனங்களைப் பாட்டுதான் பல நேரங்களில் பிரித்துக் காட்டும். அந்தப் பாட்டு குனோங் ஜெராய் அடிவாரத்தில், உங்கள் கைப்பேசிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும் வரும் இடங்களில் இன்று கேட்கும் குரல் நாளைக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

பதிவு செய்தால் இடம், நாள், நேரம், உங்கள் பெயர் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கெடா’ என்று மட்டும் எழுதினால் போதாது. தோட்டத்தின் பெயரும் வேண்டும். சீட்டில் எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மங்கிவிடும்.