கட்டணமும் இல்லை, இடமும் இல்லை

ஒரு சமுதாயம் தன் மனச்சான்றை உறங்க வைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் ஒருவருக்கு மாலை சூட்டிவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் அவருக்குக் கதவைச் சாத்திவிடுவதே அது. திருநங்கையர்க்கு நாம் செய்துவருவது இதுவே.

சித்திரை பிறந்தால் விழுப்புரம் நகரின் விடுதிகள் நிறைந்துவிடும். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து, அரவானை எண்ணித் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுவர். 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் கூவாகம் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் விழாக் கூட்டத்திற்கு விழுப்புரமே இன்னும் வாயில். அங்கே அழகிப் போட்டி நடக்கும், பரிசு வழங்கப்படும், நாளேடுகளில் வண்ணப்படம் வரும். கூட்டம் கலைந்த சில வாரங்களில் கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கும். அப்போது திண்டிவனத்திலும் மயிலத்திலும் விழுப்புரத்திலும் உள்ள கல்லூரி வாயில்களில் இவர்களுள் எத்தனை பேரைக் காண்கிறோம்? பேருந்து நிலையத்தில் காசுக்காக நீளும் கையில் பாடநூல் ஏன் இல்லை?

சட்டம் இல்லாமையால் அன்று. 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு திருநங்கையர்க்கென நல வாரியம் அமைத்தது. அதே ஆண்டில் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையில் அவர்களுக்கு இடமளித்து ஆணையும் பிறந்தது. 2014-ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவர் என ஏற்று, கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு வழங்கப் பணித்தது. 2019-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம், கல்வி நிலையங்கள் வேற்றுமை பாராட்டலாகாது என்றும், நிறுவனந்தோறும் முறையீடு கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்றும் விதித்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் வரவு செலவுத் திட்டம், உயர்கல்வி பயில விரும்பும் திருநங்கையரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அறிவித்தது. ஏட்டில் எழுத வேண்டியதில் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது.

இனி நாட்டைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழகத்தில் 22,364 பேரை ஆண், பெண் அல்லாத பிறர் எனக் குறித்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஆண்டுதோறும் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். 2023-இலும் 2024-இலும் தேர்வு முடிவுகள் வெளியானபோது, மாநிலம் முழுவதிலும் மூன்றாம் பாலினத்தவர் எனத் தன்னைக் குறித்துத் தேர்வெழுதியவர் ஒருவரே. இலட்சங்களுக்கு நடுவே ஒருவர்! மற்றவர்கள் இடையிலேயே படிப்பை விட்டிருக்கலாம். அல்லது தம்மை மறைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். இரண்டில் எதுவாயினும் வெட்கம் அவர்களுடையதன்று, நம்முடையது.

‘வருபவரே இல்லாதபோது யாருக்காக வசதி செய்வது?’ என்று கேட்போர் இந்தக் கணக்கையே சான்றாகக் காட்டுவர். காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக அடுக்கும் வாதம் அது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் உடல் மாறத் தொடங்கும் வேளையில் அந்தப் பிள்ளையின் நடைக்கு ஒரு பட்டப்பெயர் கிடைக்கிறது. ஆண்கள் கழிப்பறையில் நேரும் துன்பத்திற்கு அஞ்சிக் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமல் இருக்கப் பழகுகிறது. ஆசிரியரிடம் சொன்னால் ‘ஒழுங்காக நட’ என்ற அறிவுரை கிடைக்கிறது. வீட்டில் தெரிந்தால் அடி, பிறகு தெரு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடவும் நேரம் இருப்பதில்லை. இத்தனை வாயில்களில் தள்ளப்பட்டவர் கல்லூரி வாயிலில் வந்து நிற்கவில்லையே என்று வியப்பது, பாலத்தை இடித்தவர் அக்கரையில் ஆளே இல்லை என்பது போன்றது.

‘கட்டணமே இல்லையே, இன்னும் என்ன வேண்டும்?’ என்பது அடுத்த வாதம். இதற்கு விடையைக் கொச்சி நகரம் தந்திருக்கிறது. 2017-இல் அங்குத் தொடங்கிய மெட்ரோ இரயிலில் திருநங்கையருக்கு வேலை வழங்கியதை நாடே பாராட்டியது. சில நாள்களிலேயே எட்டுப் பேர் வேலையை விட்டனர். வேலை பிடிக்காமல் அன்று; தங்க வீடு கிடைக்காமல். அறை தரும் விடுதிகள் ஒன்று மறுத்தன, அல்லது அவர்கள் சம்பளத்தை விழுங்கும் வாடகை கேட்டன. கொடுத்த கையை உலகம் படம் பிடித்தது. இரவில் தலை சாய்க்க இடமின்றி அவர்கள் திரும்பிச் சென்றதை எத்தனை பேர் கண்டனர்? கல்விக் கட்டண விலக்கும் இத்தகையதே. கட்டணம் கேட்காத கல்லூரி, தங்க அறை தராவிடில், ஏட்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிறது.

பெயர் என்றோம், அதுவும் சிறிய செய்தியன்று. மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், அரசிதழில் மாற்றிக்கொண்டது வேறொரு பெயர். இரண்டும் ஒத்துவராவிடில் அலுவலகத்தில் விண்ணப்பம் தேங்கும். வருகைப் பதிவில் பழைய பெயர் ஒலிக்கும்போது, சேலை உடுத்து நிற்கும் மாணவி ‘உள்ளேன் ஐயா’ என்றதும் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஒரு பருவம் முழுதும், நாள்தோறும், பாடவேளைதோறும் தாங்கவல்லவர் எவர்? 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி செய்தல், எப்பாலார்க்கும் பொதுவான கழிப்பறை, விண்ணப்பத்தில் தனிக்கட்டம், ஆற்றுப்படுத்துநர் ஆகியவற்றை வரிசைப்படுத்திச் சொன்னது. இவற்றுள் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. ஒரு விடுதி அறை. பதிவேட்டில் ஒரு திருத்தம். முறையீட்டைக் கேட்டுச் சிரிக்காத ஓர் ஆசிரியர். இவ்வளவே.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இல்லாமை எவ்வளவு பெரிய சுவர் என்பதற்குத் தமிழகமே சான்று. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, அவருக்குரிய பாலினம் படிவத்தில் இல்லை எனத் தள்ளப்பட்டார். உயர் நீதிமன்றம் 2015-இல் அவர் பக்கம் நின்றது. 2017-இல் அவர் பணியேற்றார். திறமை அவரிடம் முன்னரே இருந்தது, கட்டந்தான் இல்லை.

பயில்வோர் நிலை இதுவாயின், பயிற்றுவிப்போர் நிலை யாது? மேற்கு வங்கத்தில் மானபி பந்தோபாத்யாய் 2015-இல் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வரானார். ஒரு திருநங்கை கல்லூரி முதல்வரானார் என்று நாடு பெருமை பேசி முடிப்பதற்குள், 2016 டிசம்பரில், உடன் பணியாற்றுவோர் ஒத்துழைக்கவில்லை என்று மனம் நொந்து விலகல் கடிதம் கொடுத்தார். உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் தனியார் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட ஒரு திருநங்கை ஆசிரியர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் அவருக்கு இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. பதவி நாற்காலியைத் தருவது அரசாணையால் இயலும். அந்த அறையில் உடனமர்ந்து தேநீர் அருந்துவதை எந்த ஆணையும் தர இயலாது. அதை நாம்தாம் தரவேண்டும்.

‘நம் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்னாவது?’ என்று தாய்மார் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. தனி அறையும் தாழ்ப்பாளும் எல்லாருக்கும் பாதுகாப்பே. ஒழுங்கு மீறுவோர் எவராயினும் அவர்மேல் நடவடிக்கை எடுக்க விதிகள் உண்டு. ஆனால், தீங்கு செய்யாத ஒருவரை, தீங்கு செய்யக்கூடும் என்று முன்கூட்டியே தண்டிப்பது எந்த நீதியில் சேரும்?

நம் வாசகர் சிலர் திருச்சபையின் போதனையைச் சுட்டுவர். பாலினம் பற்றிய சில கோட்பாடுகளையும் பாலின மாற்று சிகிச்சையையும் திருச்சபை ஏற்கவில்லை என்பது மெய். 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட மனித மாண்பு பற்றிய அறிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் எச்சூழலிலும் எந்நிலையிலும் மனித மாண்பு அழியாது என்பதே அவ்வறிக்கையின் அடித்தளம். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், இத்தகையோர் திருமுழுக்குப் பெறலாம் என வத்திக்கான் விடையளித்திருந்தது. திருமுழுக்குத் தொட்டியருகே வரத் தகுதியுடையவர் வகுப்பறைக்குள் வரத் தகுதியற்றவரோ? கொள்கை விவாதத்தை அறிஞர்கள் நடத்தட்டும். அது முடியும்வரை ஒரு பிள்ளை கழிப்பறையின்றிக் காத்திருக்க வேண்டுமென்று எந்தப் போதனையும் சொல்லவில்லை. படிப்பை இடையில் விட்ட திருநங்கையருக்காகக் கொச்சியில் 2016-இன் இறுதியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டபோது, இடமளித்தவர்கள் கார்மேல் சபைக் கன்னியர். கோட்பாட்டை அவர்கள் மாற்றவில்லை, கதவைத் திறந்தார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஓர் எத்தியோப்பிய அண்ணகர் வருகிறார். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒருவரே என்று நாம் வாதிடவில்லை. ஆனால் அவர் அந்தச் சாலையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள்: படித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு அவரைத் தேரிலிருந்து இறக்கவில்லை. தாம் ஏறி அருகே அமர்ந்தார். படிக்க விரும்புபவருக்குச் செய்யத்தக்க உதவி அதுவே.

மயிலத்திற்கு வருவோம். 1938 முதல் தமிழ் கற்பித்த கல்லூரி உள்ள ஊர் அது. 1998 முதல் பொறியியல் கல்லூரியும் உண்டு. எந்தக் கல்லூரியையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. தமிழ் பயின்ற மண் என்பதால் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோர்க்குத் தமக்கென ஈறு இல்லை என்றார். ஆயினும் அவர்களை உயர்திணைக்கு வெளியே தள்ளவில்லை. உயர்திணையின் ஈறுகளையே அவர்களுக்கு உரிமையாக்கினார். தனி விகுதி இல்லாதவர்க்கும் இலக்கணம் திணை கொடுத்தது. விண்ணப்பத்தில் கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பும் நாமோ, அவர்களை அஃறிணையாக்குகிறோம்.

ஆகவே, பல்கலைக்கழகம் செய்யட்டும், அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கலாகாது. நம்மில் கல்லூரி நடத்துவோர் அடுத்த சேர்க்கைக்கு முன் ஒரு விடுதி அறையையும் ஒரு கழிப்பறையையும் ஒதுக்கட்டும். ஆசிரியர்கள் மாணவர் சொல்லும் பெயரால் அழைக்கட்டும். வாடகை வீடு உடையோர் அடுத்த முறை கதவைத் தட்டுபவரிடம் வாடகையை மட்டும் கேட்கட்டும். யாவற்றினும் மேலாக, தன் பிள்ளை வேறுபட்டு நடக்கிறான் என்று கண்ட பெற்றோர், அடிக்க ஓங்கிய கையைக் கீழே இறக்கட்டும். அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருந்தால் பள்ளியில் இருக்கும். பள்ளியில் இருந்தால் கல்லூரிக்கு வரும். வீட்டில் சாத்திய கதவை எந்த அரசாணையாலும் திறக்க முடியாது.