72 மணி நேரமும் ஒரு மருந்துச் சீட்டும்

தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்காமல் இருப்பதே நல்லது என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். அது கருவைக் கலைக்கும் மாத்திரை, பெண்பிள்ளைகளைக் கெடுத்துவிடும், தேவைப்படுகிறவர்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். மருந்துக் கடை கவுன்ட்டரில் பதினான்கு வருடம் நின்றவள் நான். இந்த வாதத்தில் உண்மையும் இல்லை, இரக்கமும் இல்லை.

மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தடுக்கும், அல்லது தள்ளிப்போடும். முட்டையே வராதபோது கரு எங்கிருந்து வரும்? கரு ஏற்கெனவே தங்கிவிட்டிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. கருவைக் கலைக்கக் கொடுப்பது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவை வேறு மருந்துகள், அவற்றுக்கு வேறு சட்டம். எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தால், அது படித்த படிப்புக்குச் செய்த துரோகம். வேண்டாத கர்ப்பம் தங்காமல் இருந்தால்தானே கருக்கலைப்பு குறையும், டாக்டர்?

ஒரு சனிக்கிழமை இரவு, மணி ஒன்பதரை இருக்கும். கடையில் மூன்று ஆண்கள். ஓரமாக நின்றிருந்த பெண் அவர்கள் போகும்வரை காத்திருந்தார். சேலைக்குள் கிடந்த தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "அக்கா, அந்த மாத்திரை இருக்கா?" வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை, ஆணுறை கிழிந்துவிட்டது. ஏற்கெனவே மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். எங்கள் முதலாளி அந்த மாத்திரையை வாங்கி வைப்பதே இல்லை. "இங்க வராதும்மா" என்றேன். தாலியைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கெட்டுப்போவதாக நீங்கள் எழுதியது இவரையா? சட்டம் அனுமதித்த ஒரு மருந்தைக் கேட்க, தாலியைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது அவருக்கு. தாலி இல்லாத பெண் வந்து கேட்டாலும், வன்கொடுமைக்கு ஆளான பெண் வந்து கேட்டாலும் நான் எடுத்துக் கொடுக்க வேண்டியது அதே மாத்திரைதான். ஒழுக்கத்தை விசாரிக்கும் வேலை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சீட்டில்லாமல் இதை விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இலேயே அனுமதித்துவிட்டது. தமிழ்நாட்டிலும் எழுத்தில் தடை இல்லை. சீட்டு வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் நேரம். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் அதற்குமேல் போட்டும் பெரிதாகப் பயனில்லை. சனி இரவு வந்த அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு கிளினிக் கிடையாது. திங்கள் காலை மாமியாரிடம் ஏதோ காரணம் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து டோக்கன் போட வேண்டும். "என்ன பிரச்சினைம்மா?" என்று ரிசப்ஷனில் பத்துப் பேர் காதில் விழக் கேட்பார்கள். சீட்டு கைக்கு வரும்போது நாற்பது மணி நேரம் ஓடியிருக்கும். அந்தச் சீட்டோடு கடைக்கு வந்தாலும் மாத்திரை இருக்காது.

உடம்புக்குக் கேடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். குமட்டலும் தலைவலியும் வரலாம், மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகலாம். வழக்கமான கருத்தடையாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் சரி. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. மாதவிலக்கு ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவ்வளவையும் கவுன்ட்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பலாம். மாத்திரையே இல்லாத கடையில் யார் யாருக்குச் சொல்வது? பெங்களூரு போய்வரும் தோழியிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிற பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது.

உறவுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குமேல் கர்ப்பம் தங்காது. அரசு மருத்துவமனையில் அது இலவசம். பெண்களின் உடம்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டு எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லாமல் போனது ஏன், டாக்டர்?